டியூட்டி எப்போது என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்

வேலூரில் ஆஸ்பத்திரிகளைச் சுற்றி லாட்ஜ், மெடிக்கல், லேப், ஸ்கேன் சென்டர், மெஸ், ஜெராக்ஸ் கடை என்று நடத்திக்கொண்டிருக்கும் முதலாளிகள் எல்லாருக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவரிடம்தான் சம்பளம் வாங்குகிறேன். காந்தி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கும் லாட்ஜில் இரவு ரிசப்ஷன். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் காலை ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். சாவிப் பலகைக்குக் கீழே உள்ள இழுப்பறையில் பில் புத்தகம், ஆதார் ஜெராக்ஸ் கட்டு, பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகம் மூன்றும் ஒன்றாகக் கிடக்கும். வயது 21. சொந்த ஊர் கே.வி.குப்பம் பக்கம். அரசுப் பள்ளி, தமிழ் வழி, 2022-ல் பிளஸ் டூ முடித்தேன். நீட் மூன்று தடவை எழுதியாகிவிட்டது. நாலாவது தடவைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சொன்னதும் உங்களில் பாதிப் பேர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எனக்குத் தெரியும், தினமும் பார்க்கிறேன். "மூணு தடவை எழுதியும் வரலையா?" என்கிற சிரிப்பு. திரும்பத் திரும்ப எழுதுவது ஏதோ என் ஒருவன் பைத்தியம் இல்லை. நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்து நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் தமிழக அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. நீட் வருவதற்கு முந்தைய 2016-17-ல், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முந்தைய வருடங்களிலேயே பிளஸ் டூ முடித்த பழைய மாணவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். 2020-21-ல் அது நூற்றுக்கு எழுபத்தொன்று. அதாவது பிளஸ் டூ முடித்து அதே வருடம் உள்ளே போகிறவன்தான் இப்போது அபூர்வம். மற்றவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் எங்கேயோ உட்கார்ந்து படிக்கிறார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளை நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். வசதி இல்லாதவன் உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்து படிக்கிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இடத்தை ஒதுக்கி 2020-ல் சட்டம் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டிவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு டாக்டர் என்கிற வார்த்தை வர அது ஒன்றுதான் வாசல். வயது வரம்பும் இப்போது இல்லை, இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கணக்கும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் பண உதவி கேட்டு இந்த மடலை எழுதவில்லை. வேலையைக் குறைக்கச் சொல்லியும் எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்களுக்கு எந்த நாள் டியூட்டி, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு என்பதை ஒரு வாரம் முன்னாடியே எழுதிப் போட்டுவிடுங்கள். போட்டதை மாற்றாதீர்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று தோன்றலாம். 2024 மே மாதம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது வேறொரு இடத்தில் பகல் வேலை. பெயர் வேண்டாம், அவர் கெட்டவர் இல்லை. மே 5 ஞாயிற்றுக்கிழமை நீட். பத்து நாள் முன்னாடியே போய் நின்றேன். "அண்ணா, சனிக்கிழமை சாயங்காலத்தோட என்ன விட்டுடுங்க, ஞாயித்துக்கிழம பரீட்சை" என்றேன். கணக்கு நோட்டிலிருந்து தலையை எடுக்காமல், "பாத்துக்கலாம்" என்றார்.

அந்தப் "பாத்துக்கலாம்" இருக்கிறதே, அதைப் பற்றியே ஒரு மடல் எழுதலாம். முடியாது என்று சொல்லியிருந்தால் நான் வேறு ஆளைத் தேடியிருப்பேன், கூட வேலை பார்க்கும் பையன் கையைக் காலைப் பிடித்து மாற்றியிருப்பேன். சரி என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகப் படித்திருப்பேன். பார்த்துக்கலாம் என்றால் இரண்டும் இல்லை. பத்து நாளும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, ராத்திரி ஆள் வரவில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் போனவர் திரும்பவில்லை. "இன்னிக்கு மட்டும் பாத்துக்கோடா" என்றார். காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்தவன் மறுநாள் காலை ஆறு மணி வரை அங்கேயே இருந்தேன். அப்புறம் பஸ் பிடித்து, ஊருக்குப் போய், ஹால் டிக்கெட்டும் போட்டோவும் எடுத்துக்கொண்டு, குளித்து, மறுபடியும் பஸ் ஏறி, ஒன்றரை மணிக்குக் கேட்டை மூடுவதற்குள் சென்டருக்கு வந்து சேர்ந்தேன். தூங்கியது போகும்போது பஸ்ஸில் அரை மணி, வீட்டில் ஒரு மணி. வெளியே அக்னி நட்சத்திரம். எங்கள் ஊரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை.

அந்த வருடம் வரைக்கும் 200 கேள்வி கொடுத்து 180 எழுதச் சொல்வார்கள். தாவரவியல் 101-லிருந்து ஆரம்பம், அதில் முதல் பிரிவு 135-ல் முடியும். உயிரியலை முதலில் முடிப்பது என் வழக்கம். மளமளவென்று போனேன். 118-ஆவது கேள்வியில் சந்தேகம், அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டினேன். 135-ஐ முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், விடை வட்டங்களைக் கறுப்பாக்குகிற ஓ.எம்.ஆர். தாளில் 135-க்கான வரிசை காலியாக இருக்கிறது. ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் விரலை வைத்துப் பின்னால் எண்ணிக்கொண்டே போனேன். 119-க்கான விடையை 118-ல் கறுப்பாக்கியிருக்கிறேன். அங்கிருந்து பதினேழு வரிசை ஒவ்வொன்றும் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. பால்பாயிண்ட் பேனா. அழிக்க முடியாது. சரி என்றால் நாலு மதிப்பெண், தப்பென்றால் ஒன்று போகும். விடைக்குறிப்பு வந்ததும் கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட அறுபது மதிப்பெண் அந்தப் பதினேழு வட்டங்களில் போய்விட்டது.

தூங்கிய ஆளுக்கும் இந்தத் தப்பு நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதற்கு முன்னால் எந்த மாதிரித் தேர்விலும் நடந்ததில்லை.

அடுத்த ஆறு மாதம் நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அவருக்கும் ஒரு கஷ்டம் இருந்தது புரிகிறது. ஒரு ஆள் வரவில்லை என்றால் கையில் இருக்கிற ஆளைத்தானே பிடிக்க முடியும்? ஆனால் சனிக்கிழமைக்கு யார் என்பது புதன்கிழமையே ஒரு தாளில் எழுதியிருந்தால், திருவிழாவுக்குப் போனவரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருப்பார்.

படிக்கிற பையனுக்கு நேரம் வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறீர்கள். எத்தனை மணி நேரம் என்பது இரண்டாவது கேள்வி. நேரத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று துண்டு நேரம். இரண்டு கஸ்டமருக்கு நடுவில் பத்து நிமிடம், பஸ்ஸில் காட்பாடி வரும் வரை அரை மணி, டீ வாங்கப் போய் நிற்கும்போது ஐந்து நிமிடம். இதில் உயிரியல் படிக்கலாம். நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண், அதில் 360 உயிரியல். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவனைக் கடவுள் கைவிடாமல் இருப்பது இந்த ஒரு கணக்கில்தான். பூக்கும் தாவரங்களின் குடும்பங்கள், ஹார்மோன் பெயர்கள், எந்த நொதி எங்கே சுரக்கிறது, எல்லாவற்றையும் துண்டு துண்டாக விழுங்கலாம். எங்கள் லாட்ஜில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்ததும் குப்பையில் போட மாட்டேன். அதன் பின்பக்கம் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். எதிரே மெடிக்கலில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி மாத்திரை அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதில் வேதியியல் சமன்பாடு எழுதி வைத்திருக்கிறாள். ஒருநாள் அவசரத்தில் அந்தப் பெட்டியிலேயே மாத்திரையைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். வாங்கிப் போனவர் திரும்பி வந்து, "இது எத்தனை வேளைம்மா?" என்று கேட்டாராம்.

இன்னொன்று முழு நேரம். இயற்பியலை துண்டில் படிக்க முடியாது, நான் முட்டி மோதிப் பார்த்துவிட்டேன். கிர்க்காஃப் விதியில் ஒரு சுற்றை வரைந்து, மின்னோட்டத்துக்குத் திசை போட்டு, சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது "ரூம் இருக்கா?" என்று ஒருவர் வந்தால், அவருக்குச் சாவி கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கணக்கு செத்திருக்கும். மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டும். சுழற்சி இயக்கத்தில் ஒரு கணக்கு விளங்க எனக்கு ஒன்றரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி வாரத்தில் நாலு தடவை கிடைத்தாலே போதும். ஆனால் எந்த ஒன்றரை மணி என்று முன்னாடியே தெரிந்தால்தான் அது முழு நேரம். போன் எப்போது அடிக்குமோ, "கொஞ்சம் சீக்கிரம் வாடா" என்று எப்போது கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மூன்று மணி நேரமும் துண்டு நேரம்தான். லீவு நாளில் வீட்டில் இருந்தும் நான் இயற்பியல் படிக்காத நாட்கள் எத்தனையோ. காரணம் கேட்டால் சோம்பேறி என்பார்கள். காரணம் மேஜை மேல் இருந்த போன்.

போன் என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் போனில் ரீல்ஸ் பார்த்துக் கெட்ட ராத்திரிகளும் எனக்கு உண்டு. அதற்கு உங்கள் மேல் பழி போடவில்லை.

2025-லிருந்து தேர்வு பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. 180 கேள்வி, 180 நிமிடம், மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை. கேள்விக்கு ஒரு நிமிடம். அந்த வருடம் இயற்பியல் எப்படி வந்தது என்று உங்கள் வீட்டில் எழுதிய பிள்ளை இருந்தால் கேட்டுப்பாருங்கள், கண் கலங்குவார்கள். எனக்கு உயிரியல் கைகொடுத்தது, இயற்பியல் கவிழ்த்தது. ஆக இந்தத் தடவை எனக்கு வேண்டியது முழு நேரம். அது உங்கள் கையில் இருக்கிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த வேலையே படிப்புக்கு எதிரி என்று நான் சொல்லவில்லை. ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். மணி ஒன்றே கால் இருக்கும். 9-ஆம் நம்பர் அறையில் வங்காளத்திலிருந்து வந்த ஒரு தாதா தங்கியிருந்தார். (நம் தமிழில் தாதா என்றால் வேறு அர்த்தம். அவர்கள் அண்ணனைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "9-ல தாதா ஒருத்தர் இருக்காரு" என்று பகல் ஆள் சொல்லிவிட்டுப் போனபோது நான் கொஞ்சம் பயந்துதான் போனேன்.) தம்பிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். தூக்கம் வராமல் கீழே இறங்கி வந்து ஒரு ரிப்போர்ட்டை என் முன்னால் வைத்து, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். கிரியேட்டினின் 6.8. சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. அந்த நேரம் என் மடியில் திறந்திருந்த பாடம் கழிவுநீக்கம். பௌமானின் கிண்ணம், ஹென்லே வளைவு படம். ஆரோக்கியமான சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டும், நாளைக்கு 180 லிட்டர், அதில் வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான், மீதியெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். ரிப்போர்ட்டில் இருக்கிற எண் இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு என்பது எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும், இல்லாவிட்டால் ஒன்றே கால் மணிக்கு இறங்கி வர மாட்டார். "டாக்தார் பாபு போல்பேன்" என்றேன், டாக்டர் சொல்வார் என்று. எனக்குத் தெரிந்த வங்காளத்தில் பாதி அது. அவர் தலையாட்டிவிட்டு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். நான் படித்தேன். அவர் என் புத்தகத்தில் இருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலரைக்கு, ஓ.பி. வரிசைக்குப் போகிறவர்களை எழுப்ப நான் மாடிக்குப் போகும் வரை இருவரும் பேசவில்லை.

அந்த 125-ஐ நான் இனிமேல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாட்டிலேயே முதல்முறையாகச் சிறுநீரக மாற்று அறுவை வெற்றியாக நடந்தது 1971-ல் இந்த ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான் என்பதும் அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியவந்தது. பொறந்ததிலிருந்து பஸ்ஸில் கடந்து போன கட்டடம்.

இப்போது நான் இருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்பது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் ஓனரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்த அன்றைக்கே பரீட்சை விஷயத்தைச் சொல்லிவிட்டேன், இன்னொரு தடவை ஏமாறக் கூடாது என்று. பாய் ஒன்றும் பேசவில்லை. போன மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, ஸ்கேல் வைத்து ஏழு கோடு போட்டார். ஞாயிறு முதல் சனி வரை. நாங்கள் நாலு பேர். யார் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதிச் சாவிப் பலகையில் ஆணியில் மாட்டினார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த வாரத்துத் தாள் ஏறும். யாருக்காவது மாற்ற வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் எங்களுக்குள் பேசிக்கொண்டு பாயிடம் சொல்ல வேண்டும். தாள் ஏறிவிட்டால் செத்தாலொழிய மாற்றம் கிடையாது. இது பாய் சொன்ன வார்த்தை.

இதற்கு ஆன செலவு என்ன? ஒரு பழைய காலண்டர் தாள்.

முதல் மூன்று வாரம் தடுமாறியது. அப்புறம் பாய்க்கே பிடித்துவிட்டது. காலையில் வந்ததும் யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று போன் போட்டுக்கொண்டிருந்த மனுஷன் இப்போது டீ குடித்துவிட்டு உட்காருகிறார்.

உங்களில் சிலர் சொல்வீர்கள், ஆஸ்பத்திரி ஊரில் கூட்டம் எப்போது வரும் என்று எப்படித் தெரியும், ஒரு வாரம் முன்னாடி எப்படி எழுதுவது என்று. ரிசப்ஷனில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டம் வருவது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் அறைகள் காலியாகும், ஞாயிறு ராத்திரி திங்கட்கிழமைக்காக நிறையும். துர்கா பூஜைக்கு முன்னால் வங்காளத்துக் கூட்டம் வடியும், பூஜை முடிந்ததும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பொங்கலுக்கு நம் ஆட்கள் வரமாட்டார்கள். இந்தக் கணக்கு எங்களைவிட உங்களுக்கு அத்துப்படி, அதை வைத்துத்தானே வாடகையை ஏற்றி இறக்குகிறீர்கள்? எமர்ஜென்சி வார்டு நர்ஸுகளுக்கே டியூட்டி லிஸ்ட் முன்னாடி போட்டுவிடுகிறார்கள். விபத்து எப்போது நடக்கும் என்று தெரிந்தா போடுகிறார்கள்? நம்மிடம் வருவது பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்கிற எமர்ஜென்சிதான்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை. 2021-ல் ஒரு திருத்தம் வந்து, கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்றும் ஆனது. நான் கேட்பது இந்தச் சட்டத்தில் இருப்பதைவிடச் சின்ன விஷயம்.

எதிரே மெடிக்கலில் இருக்கும் தங்கையின் பிரச்சினை என்னுடையதைவிட மோசம். அவளுக்கு ஆரம்பிக்கும் நேரம் தெரியும், காலை ஒன்பது. முடியும் நேரம் யாருக்கும் தெரியாது. ஒருநாள் எட்டு மணிக்கு விடுவார்கள், ஒருநாள் ஒன்பதரை. ஒன்பதரை என்றால் அணைக்கட்டு பக்கம் போகிற பஸ்ஸுக்கு ஓட வேண்டும். எட்டரை மணிக்கு ஆன்லைனில் ஒரு வாத்தியார் வேதியியல் எடுக்கிறார், பணம் கட்டிச் சேர்ந்தாள். ஒரு மாதத்தில் அவள் முழுதாகக் கேட்டது ஆறு வகுப்பு. "அண்ணா, டெய்லி ஒம்போதரைன்னு சொல்லிட்டா கூட பரவால்ல, நான் காலைல நாலு மணிக்கு எழுந்து படிச்சுக்குவேன். ஒருநாள் எட்டுன்னு விட்டுடறாங்களே, அதான் ஆசை காட்டுது" என்றாள். ஆண் பிள்ளைக்கு லேட் ஆனால் தூக்கம் கெடும். அவளுக்கு லேட் ஆனால் வீட்டில் வேலையே வேண்டாம் என்பார்கள், படிப்பும் அத்தோடு போகும்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023-ல் எங்கள் நைனா பெயிண்ட் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. அந்த வருடம் நான் பரீட்சையே எழுதவில்லை. அம்மா பீடி சுற்றுகிறார். ராத்திரி லீவில் நான் வீட்டில் படித்துக்கொண்டிருந்தால் எதிரே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்வார். இலையைத் தகட்டில் வைத்து வெட்டுகிற கத்தரிக்கோல் சத்தம்தான் எங்கள் வீட்டுக் கடிகாரம். "இன்னாடா, இன்னும் தூங்கலயா?" என்று கேட்பாரே தவிர, இதைச் செய் அதைச் செய் என்று அந்த நேரத்தில் ஒரு தடவைகூட எழுப்பியதில்லை. திங்கட்கிழமை மகளிர் குழு தவணை, அதற்கு முன்னால் பீடிக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதைக்கூட ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே என்னிடம் சொல்லி முடித்துவிடுவார். மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை மாதிரித் தேர்வு என்று அவருக்கும் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர், பாய் காலண்டரில் செய்வதை வாயால் செய்கிறார்.

ஆக, மே மாதத்துக்கு முன்னால் சில விஷயங்கள். பத்து நாளுக்கு முன்னால் ஒருவன் வந்து லீவு கேட்டால் அன்றைக்கே பதில் சொல்லுங்கள். முடியாது என்பதும் பதில்தான், தயங்காமல் சொல்லுங்கள். 2023, 2024, 2025 மூன்று வருடமும் நீட் மே முதல் ஞாயிறுதான் நடந்தது, அதனால் இது திடீரென்று வருகிற விஷயமும் இல்லை. சனிக்கிழமை ராத்திரி மட்டும் அவனைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் வாராந்திர லீவை ஞாயிறாகக் கொடுக்க முடிந்தால் பெரிய புண்ணியம், பரீட்சை நேரத்திலேயே எழுதிப் பழக அது ஒன்றுதான் நாள். அப்புறம் கடையில் எல்லார் முன்னாலும் "டாக்டரு, போய் டீ வாங்கிட்டு வா" என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். டீ வாங்கிவர எங்களுக்கு வெட்கம் இல்லை. அந்தப் பெயரை வைத்துக் கூப்பிடும்போதுதான் காது கூசுகிறது.

படித்து முடித்தால் விட்டுவிட்டுப் போய்விடுவான், அவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைப்பீர்கள். போய்விடுவோம், உண்மைதான். படிக்காத பையனும் போகத்தான் செய்கிறான். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஐந்நூறு ரூபாய் அதிகம் என்றால் சொல்லாமல் கொள்ளாமல் போகிறான். நாங்கள் மே வரைக்கும் எங்கேயும் போக மாட்டோம், ஏனென்றால் இந்த நேரத்தில் புது இடம், புது வேலை என்று பழகிக்கொண்டிருக்க எங்களுக்குத் தெம்பில்லை. அதுவரை உங்களுக்கு லீவு போடாத, குடிக்காத, எழுத்துக் கூட்டாமல் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஓர் ஆள் உறுதி.

திருவண்ணாமலை பஸ்ஸில் போனால் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வரும். 2005-ல் ஆரம்பித்தது, என்னைவிட ஒரு வயது இளையது. ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, வெள்ளை கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் பஸ்ஸில் ஏறினார்கள். அதில் ஒருத்தன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என்ன படிக்கிறாய், எந்த ஊர் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. இறங்கும் வரை அவன் தூங்கிக்கொண்டே வந்தான். நைட் டியூட்டியாக இருக்கும்.

பாய் எழுதிய தாளைப் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் லாட்ஜுக்கு வாருங்கள். நான் பத்து மணிக்கு மேல் இருப்பேன், காட்டுகிறேன். சொல்லிவைத்தால் பாயும் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், தாளில் அன்றைக்கு எனக்கு லீவு என்று போட்டிருக்கிறது. இரண்டிலிருந்து ஐந்து வரை போனும் அணைந்திருக்கும்.

இப்படிக்கு,
இரவு ரிசப்ஷன்